தேன் நிறத்தில் ஒரு பொய்

அத்தியாயம் 3

கொடைக்கானலில் துப்பறியும் தொழில் நடத்துகிறவர்களில், தன் காருக்குத் தானே எஞ்சின் ஆயில் மாற்றிக்கொள்கிற ஒரே ஆள் ஷர்மிளாதான். கொடைக்கானலில் துப்பறியும் தொழில் நடத்துகிறவளே அவள் ஒருத்திதான் என்பதால், இந்தப் பெருமைக்குப் போட்டிக்கு வர யாருமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நாயுடுபுரத்து வீட்டு வாசலில் அவளுடைய பழைய மாருதி இரண்டு மரக்கட்டைகளின் மேல் முன்சக்கரங்களை ஏற்றி, கோயில் யானை போல நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டு. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பைப் பக்கத்து வீட்டு நாய் வைத்திருந்தது.

"ஞானம், அந்த ஸ்பானரை எடு."

"பதினேழா, பதினாலா மேடம்?"

"பதினேழு."

"பதினாலுதான் இருக்கு."

"அப்புறம் எதுக்குடா கேட்டே?"

"ஒரு மரியாதைக்கு."

ஞானவேல் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் டூரிஸ்ட் கைடு. மூடுபனியைக் கைகாட்டி, "அதோ பாருங்க சார், அதுக்குப் பின்னாலதான் பாறை இருக்கு, நம்பி போட்டோ எடுங்க" என்று சொல்லிப் பிழைத்தவன். இருப்பதை மறைக்கிறவர்களைப் பிடிக்க, இல்லாததைக் காட்டத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்று ஷர்மிளா அவனைச் சேர்த்துக்கொண்டாள். சேர்த்த நாளிலிருந்து அவன் வாய் மூடவில்லை. அது வேறு கதை.

பதினேழாம் நம்பர் ஸ்பானர் அவன் உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியிலேயே கிடைத்தது. கொஞ்ச நேரத்தில், சூடான பழைய எண்ணெய் கருகருவென்று தகர டப்பாவில் இறங்க ஆரம்பித்தது.

"ஏன் மேடம், மெக்கானிக்கிட்ட விட்டா அரைமணி நேரத்துல முடிச்சிருப்பானே?"

"அரைமணி நேரத்துல முடிப்பான். ஆனா ஆயிலை மாத்தினானா, அளவு பாக்கிற கம்பியை மட்டும் துடைச்சுட்டு மாத்தினேன்னு சொன்னானான்னு நான் துப்பறியணும். அதுக்கு இது லேசு."

அப்போதுதான் வாசல் படலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கம்பளி முக்காடு. முதல் பஸ்ஸில் வந்த களைப்பு.

"வணக்கங்க. துப்பறியிற மேடம் வீடு இதுதானுங்களா?"

"வீடு இதுதாங்க. மேடம்தான் கொஞ்சம் கீழ இருக்காங்க" என்று ஞானவேல் கால்களைக் காட்டினான். "உங்க பேரு?"

"மகாராணிங்க. பூண்டியிலேருந்து வாறேன்."

"அடடா! மகாராணியே பஸ் ஏறி…" என்று தொடங்கியவன், அவளுடைய கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அழுது அழுது வீங்கிய கண். ஞானவேலுக்கு வாய்தான் நீளமே தவிர, கண்ணில் பார்வை உண்டு. உள்ளே போய் ஒரு டம்ளர் வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

"நீங்க சொல்லுங்கம்மா. எண்ணெய் சொட்டி முடியிற வரைக்கும் எனக்கு இங்க வேற சோலி இல்லை" என்றது காரின் அடிவயிறு.

மகாராணி கால்களைப் பார்த்தே கதையைச் சொன்னாள்.

பூண்டியில் நாலு குடும்பங்கள் தங்கள் விதைப் பூண்டை ஒரே அறையில் சேர்த்து, புகை போட்டு வைத்திருந்தார்கள். பதினோரு மூட்டை. வருகிற வாரம் நடவு. அறைக்குக் காவல் மகாராணியின் வீட்டுக்காரர் வேலுசாமி. அறையை ஒட்டிய வீட்டிலேயே குடியிருப்பு. வியாழக்கிழமை மன்னவனூரில் ஒரு காதுகுத்து. ஊரே வண்டி கட்டிப் போய்விட்டது.

"இவரு மட்டும் காவலுக்கு நின்னாருங்க. பதினோரு மணி வாக்குல, ஒரு வாய் கறிச்சோறு தின்னுட்டு ஓடியாந்துடுறேன்னு போனவருதான். ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து பாத்தா, பூட்டு பூட்டினபடியே கெடக்கு. உள்ளுக்கு ஒரு பல்லு பூண்டு இல்ல."

"சாவி?"

"ரெண்டுங்க. ஒன்னு இவருகிட்ட. இன்னொன்னு விவசாயச் சங்கத் தலைவர் குருநாதன் அய்யாகிட்ட. ஆனா அவரு அன்னைக்கு விடியக்காலமே ஜீப்புல காரட்டு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிட்டாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மார்க்கெட்டுல நின்னு எடுத்த போட்டோ இருக்கு. அப்ப மிச்சம் இருக்கிற சாவி யாரோடது? அதான், இவருதான் களவாணின்னு முடிவு கட்டிட்டாங்க."

"அவரு ஜீப் போனதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலைங்க. சத்தமும் கேக்கல. அந்த ஜீப்பு எருமை இருமுற மாதிரி இருமும். எடுத்தா எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஆடும். அன்னைக்கு ஒரு சத்தமும் கேக்கல. அதச் சொன்னதுக்கு, 'குறட்டை விட்டுத் தூங்கிருக்கீங்க, இதுதான் நீங்க காவல் காக்குற லட்சணமா'ன்னு அதையும் எங்க தலையிலேயே போட்டுட்டாங்க."

கால்கள் அசைவதை நிறுத்தின. "வேற என்ன சொல்றாங்க?"

"கதவுக் கீலுக்கு இவரு கழிவு எண்ணெய் போட்டிருந்தாரு. சத்தமில்லாமக் கதவத் திறக்கத்தான் போட்டானாம். அந்தப் பேச்சு தாங்காம, அன்னைக்கே துணிய எடுத்துத் தொடச்சுப் போட்டுட்டாரு மனுசன்." மகாராணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குக் கூட்டங்க. சாவியப் பிடுங்கிட்டு, வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டு, போலீசுல குடுக்கப் போறாங்க. எங்கப்பா அம்மா சிலோன்லேருந்து கப்பலேறி வந்து, தோட்டம் தோட்டமா மாறி மாறி லயத்து வரிசை வீட்டுல கெடந்தவங்க. ஒரே வீட்டுல பதினெட்டு வருசம் இருந்தது எங்க வம்சத்துலயே நாங்கதாங்க."

எண்ணெய் கடைசிச் சொட்டையும் விட்டது. ஷர்மிளா நகர்ந்து நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு வயது, கன்னத்தில் கரி, தலைமுடியில் ஒரு சருகு.

"அடைப்பானை இறுக்கிட்டேன். ஞானம், புது ஆயிலை ஊத்து. அம்மா, நீங்க பின்சீட்ல ஏறுங்க."

ஊற்றி முடித்ததும் எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டாள். அடியில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி, எஞ்சினை அணைத்து, சற்றுப் பொறுத்து, ஆயில் அளவுகோலை உருவிக் காட்டச் சொன்னாள். ஞானவேல் உருவிப் பார்த்தான்.

"தேன் மேடம்! ஊத்தும்போது இருந்த மாதிரியே மினுமினுன்னு இருக்கு. தொட்டு நக்கலாம் போல."

"நம்மது பெட்ரோல் வண்டி. இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும். இதுவே டீசலா இருந்தா…"

"டீசலா இருந்தா அதுக்கும் நான்தான் சாக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஏறுங்க மேடம், மணி எட்டாகுது."

பூம்பாறை தாண்டி ஒரு நீண்ட இறக்கம். ஞானவேல் கியரை எடுத்து, எஞ்சினையும் அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டான். காற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"நியூட்ரலா?" என்றாள் ஷர்மிளா.

"ஏறத்தான் மேடம் எஞ்சின். இறங்கறதுக்கு மலையே இருக்கே! இந்த மலையில பிறந்த எவனும் இறக்கத்துல எண்ணெயை எரிச்சதா சரித்திரமே கிடையாது."

"பிரேக் போச்சுன்னா நீயே சரித்திரம் ஆயிடுவே. கியரைப் போடு."

கியர் விழுந்ததும் எஞ்சின் உறுமியது. ஷர்மிளா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சத்தமில்லாம இறங்குது, இல்ல?" என்றாள். அவள் அப்படித் தனக்குத்தானே பேசினால் ஞானவேலுக்குப் பிடிக்காது. அடுத்து யாருடைய தலையாவது உருளும். பெரும்பாலும் அவனுடையதுதான்.

பூண்டியில் சாலை மேலே. சாலையோரம் விதை அறை. அதை ஒட்டி வேலுசாமியின் வீடு. அங்கிருந்து ஒரு சறுக்கலான மண்பாதை கீழே இறங்கி குருநாதனின் வீட்டுக்கும், வீட்டுக்குப் பின்னால் அவருடைய தகர ஷெட்டுக்கும் போனது. அப்புறம் முழுக்கப் படிப்படியாகத் தோட்டங்கள்.

வேலுசாமி வீட்டுப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, பெரிய கை. கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க", "இல்லைங்க" என்பதோடு சரி.

"கறிச்சோறு திங்கப் போனது என் தப்பு, நான் போயிருக்கக் கூடாதுங்க" என்று மட்டும் தானாகச் சொன்னார்.

"பத்து நிமிஷத்துல தின்னுட்டுத் திரும்பியிருக்கலாமே?" என்றான் ஞானவேல்.

"ரெண்டாம் பந்தியிலதாங்க எலும்பு வந்துச்சு."

இதற்கு மேல் நேர்மையான வாக்குமூலத்தை ஞானவேல் தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஷர்மிளா அறைக் கதவைத் தள்ளினாள். கிரீ… ச் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. கீல் ஓரத்தில் கருப்பாக ஒரு தீற்று இன்னும் ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டாள்.

"இந்தக் கழிவு ஆயில் எங்கேயிருந்து வந்துச்சு?"

"நான் குடுத்ததுதான் தாயி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பிச்சையம்மாள் நின்றாள். பதினோரு மூட்டையில் மூன்று அவளுடையது. அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. தெரிந்தாலும் பேச மாட்டாள். "இவனா களவாண்டான்? களவாண்டிருந்தா பொழுது விடியிறதுக்குள்ள அவனே வந்து ஒப்புக்கிட்டு அழுதுருப்பான். எலும்பக் கடிச்சதுக்கே மூணு நாளா அழுவுறான்!"

"உங்களுக்கு ஆயில் ஏதுக்கா?"

"நம்ம குருநாதன் மச்சான் செவ்வாக்கெழமை ஜீப்புக்கு ஆயில் மாத்துனாருல்ல? இந்த ஊர்ல எவன் பானட்டைத் திறந்தாலும், பின்னாலேயே பன்னெண்டு ஏனம் வரிசையில நிக்கும் தாயி. வேலிக்காலக் கரையான் அரிக்காம இருக்க, கீலுக்கு, மம்பட்டி துருப்பிடிக்காம இருக்க, எல்லாத்துக்கும் அதுதான். நான் தூக்குவாளி கொண்டுபோனேன். ராமர் அண்ணன் காலி டப்பாவ வாங்கிட்டுப் போனாரு."

"அது எதுக்கு?" என்றான் ஞானவேல்.

"கக்கூசுக்கு. பாதியா அறுத்தா நல்ல கப்பு."

"குருநாதன் அவராவா மாத்தினாரு? மெக்கானிக் இல்லாம?"

"அந்தக் கூத்த ஏன் கேக்குற! மேல ரோட்டோரமே வண்டிய நிறுத்தி, செல்லைக் கல்லு மேல சாத்திவச்சுக்கிட்டு, அதுல எவனோ ஒருத்தன் சொல்லச் சொல்ல, இவரு செய்யச் செய்ய, ஊரே வேடிக்கை. பழச எறக்குனாரு, புதுச ஊத்துனாரு. அந்நேரம் பாத்து மூடுபனி எறங்கிருச்சு. டவர் போச்சு. செல்லுல அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு. அரைமணி நேரம் அதையே மொறச்சுப் பாத்தாரு. பொறவு, 'அம்புட்டுதான் சோலி'ன்னு பானட்டச் சாத்திட்டு, கைகழுவப் போயிட்டாரு."

ஷர்மிளா சிரித்தாள். தலைமுடியிலிருந்த சருகு அப்போதுதான் கீழே விழுந்தது. ஞானவேலுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. ஒரு காரின் அடியிலிருந்து கிளம்பி, நாற்பது கிலோமீட்டர் வந்து, இன்னொரு வண்டியின் ஆயிலில் நிற்கிறோம் என்பது மட்டும்தான் விளங்கியது.

"மணி என்ன ஞானம்?"

"பதினொன்னே முக்கால். கேஸ் கையில இல்லை. கையில இருக்கிறது கரி மட்டும்தான்."

ஊரில் பத்துப் பேர் சாயாமல் நிற்கக்கூடிய சமதரை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது குருநாதனின் ஷெட்டுக்கு முன்னால். அதனால் கூட்டமும் அங்கேதான். கேரட் மூட்டைகளின் மேலும் கல்லின் மேலுமாக ஊர் உட்கார்ந்துவிட்டது. ஷெட்டுக்குள் பச்சை ஜீப் மூக்கை வெளியே காட்டிக்கொண்டு நின்றது.

குருநாதன் வெள்ளை வேட்டி, தோளில் அதைவிட வெள்ளையாக ஒரு துண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"மேடம் கொடைக்கானல்லேருந்து வந்துருக்காங்க. நம்ம வேலுசாமிக்காக. சந்தோசம். ஏதாச்சும் ஆதாரம் கெடச்சுதுங்களா மேடம்?"

"இல்லைங்க" என்றாள் ஷர்மிளா.

ஞானவேல் திடுக்கிட்டான். மகாராணி தூணைப் பிடித்துக்கொண்டாள். வேலுசாமி தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்த வேண்டிய தேவை தனக்கு இனி இல்லை என்பது போல.

"அதுக்காக வந்த பயணம் வீணாகலைங்க. நானும் என் வண்டிக்கு நானேதான் ஆயில் மாத்துவேன். நீங்களும் அப்படியாமே? ஊரே உங்களைப் பத்தித்தான் பேசுது."

குருநாதனின் முகம், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி பளிச்சென்று மலர்ந்தது. "என்ன பெரிய சோலி மேடம்! மெக்கானிக்குங்க சும்மா பயமுறுத்துவானுங்க. செவ்வாக்கெழமை பொழுதுசாய மாத்துனேன். வியாழன் விடியாலமே எடுத்தேன். ஒட்டன்சத்திரம் போயி, பொழுதன்னைக்கும் மார்க்கெட்டுல கெடந்து, ராத்திரி திரும்பி ஷெட்டுல விட்டேன். எஞ்சின் பட்டு மாதிரி ஓடுச்சு."

"அதுக்கப்புறம் எடுக்கலையா?"

"தொடவே இல்ல."

"எனக்கு ஒரு சந்தேகங்க. அளவு சரியா இருக்கான்னு பாக்கிறதுலதான் நான் எப்பவும் தடுமாறுவேன். நீங்க ஒரு தரம் செஞ்சு காட்டினீங்கன்னா…"

இந்த மேடத்துக்கு என்ன ஆயிற்று என்று ஞானவேல் பல்லைக் கடித்தான். ஒரு மனுஷனுடைய வீடும் மானமும் போகிற நேரத்தில் ஆயில் பாடம்! காலையில் இதே வேலையைத் தனக்கு இரண்டு நிமிஷத்தில் சொல்லிச் செய்யவைத்தவள் இவள்.

குருநாதன் பானட்டைத் திறந்தார். அளவுகோலை உருவினார். தோள் துண்டை எடுத்து, ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். வெள்ளைத் துண்டில் பளபளவென்று ஒரு பொன் கோடு விழுந்தது.

"தேன்!" என்றான் ஞானவேல், பழக்கதோஷத்தில்.

"பாத்தீங்களா! சொக்கத் தங்கம்" என்றார் குருநாதன், கூட்டத்துக்குத் துண்டை விரித்துக் காட்டி.

"பிரமாதங்க. எஞ்சின் சத்தத்தையும் கேக்கலாமா? எருமை இருமுற மாதிரின்னு சொன்னாங்க. நீங்க பட்டுங்கிறீங்க."

"எவ சொன்னது?" என்று குருநாதன் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். எருமைதான் இருமியது. கேரட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பிட்டம் அதிர எழுந்துகொண்டார்கள். ஒரு நிமிஷம் ஓடியதும், ஷர்மிளா போதும் என்று கை காட்டினாள்.

"இப்ப இன்னொரு தரம் பாத்துருவோமா? அதே துண்டுல, பக்கத்துலேயே தொடைங்க."

அவர் உருவினார். துடைத்தார்.

பொன் கோட்டுக்குப் பக்கத்தில், கண்மை தீட்டின மாதிரி ஒரு கருப்புக் கோடு.

முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முப்பது வருஷமாக டீசல் ஜீப் ஓட்டுகிற ராமர்தான் மெதுவாக எழுந்து வந்தார். துண்டைக் கையில் வாங்கினார். ஒரு கோட்டைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார்.

"ஏலே குருநாதா" என்றார். "டீசல் வண்டியில புது ஆயில ஊத்தி, ஒரு நிமிசம் எஞ்சின் ஓடுனா கறுத்துப் போகும். உள்ள ஒட்டியிருக்கிற கரி அப்படி. இதோ, இப்ப எங்கண்ணு முன்னால கறுத்துச்சு."

"ஆ… ஆமா. அதுக்கென்னண்ணே?"

"அதுக்கென்னவா? ஒட்டன்சத்திரம் போயிட்டு வந்த வண்டியில, ஆயில் எப்படிடா தேனா இருந்துச்சு?"

ஞானவேலுக்குக் காலையில் தான் நடுவில் வெட்டிய வாக்கியம் இப்போதுதான் முழுதாகக் கேட்டது. 'இதுவே டீசலா இருந்தா…'

"ஊத்தினதுக்கு அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி அளவு பாக்கணுங்க" என்றாள் ஷர்மிளா அமைதியாக. "அது கடைசிப் பாடம். உங்க வீடியோவுல அந்த இடம் வர்றதுக்குள்ள மூடுபனி வந்துருச்சு. நீங்க பாடத்தைப் பாதியிலேயே முடிச்சுட்டீங்க. அந்த ஜீப் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் இப்பத்தான், இந்தக் கூட்டத்துக்கு முன்னாலதான், முதல் தடவையா ஸ்டார்ட் ஆகியிருக்கு."

"இல்ல! நேத்து… நேத்து மறுபடியும் ஆயில் மாத்துனேன்! மறந்துட்டேன்!"

"மாத்துனீகளா மச்சான்?" பிச்சையம்மாள் இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள். "எறக்குன பழைய ஆயில் எங்க? எனக்குத் தரல. செல்லம்மாவுக்குத் தரல. இந்த ஊர்ல ஒரு வேலிக்காலுக்கும் போகல. குடிச்சுட்டீகளோ?"

"காலி டப்பாவும் எனக்கு வரலயே" என்றார் ராமர் உண்மையான வருத்தத்தோடு.

பூண்டியில் ஊருக்குத் தெரியாமல் கல்யாணம்கூட செய்யலாம். ஆயில் மாற்ற முடியாது. இது குருநாதனுக்கும் தெரியும். அவர் ஜீப்பின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்த மார்க்கெட் போட்டோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒட்டன்சத்திரம் போனது நிஜம். விடியாலே போன ஆளு சாயங்காலம் அஞ்சு மணிக்கா முதல் போட்டோ எடுப்பாரு? போனது ஜீப்பிலேயும் இல்லை, விடியாலேயும் இல்லை. வியாழன் விடியுறதுக்கு முன்னால, இருட்டோட, மேல ரோட்டுல நின்ன ஜீப்பை நியூட்ரல்ல ஷெட்டுக்கு உருட்டிவிட்டாரு. ஏறத்தானே எஞ்சின் வேணும்? இறங்கறதுக்கு மலையே இருக்கு."

ஞானவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அது அவனுடைய வாக்கியம்.

"அதனாலதான் மகாராணி அம்மாவுக்குச் சத்தம் கேக்கலை. அவங்க தூங்கலை. ஊரு காதுகுத்துக்குப் போகிற வரைக்கும் இவரு இதே ஷெட்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. காலியானதும் கீழேருந்து ஒரு மினி லாரி வந்துச்சு. தன் சாவியாலேயே பூட்டைத் திறந்து மூட்டையை ஏத்திட்டு, அதே லாரியில இவரும் போயிட்டாரு. விதைக் காலத்துல மலைப்பூண்டுக்கு இருக்கிற கிராக்கிதான் உங்களுக்கே தெரியுமே."

"அதெல்லாம் சரி தாயி, வேலுசாமி இங்கதான காவலுக்கு நின்னான்? அவன் சோத்துக்குப் போவான்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பிச்சையம்மாள்.

ஷர்மிளா வேலுசாமியின் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் அந்த ஒரு இடம் ஓட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஞானவேலுக்குத் தோன்றியது.

"உங்களைச் சாப்பிடப் போகச் சொன்னது யாருங்க?"

வேலுசாமி வேட்டி நுனியைத் திருகினார். மகாராணி அவரை முறைத்தாள். அவளுக்கே இது புதிது.

"அய்யாதாங்க" என்றார் கடைசியில். "பதினோரு மணிக்கு போன் போட்டாரு. 'ஒட்டன்சத்திரத்துலேருந்து பேசுறேன், ஊரே திங்குது, நீ மட்டும் ஏண்டா பட்டினி கெடக்குற, போயி ஒரு வாய் தின்னுட்டு வா'ன்னாரு."

"இத ஏன்யா மூணு நாளா சொல்லல?" என்று ராமர் கத்தினார்.

"நல்ல மனசுலதான சொன்னாரு. அவர எதுக்கு இதுல இழுக்கணும்னு…"

குருநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதருக்கு ஆயில் கறுத்தபோது வராத வெட்கம் இதில் வந்தது.

ஊருக்கு முன்னால், ஸ்பீக்கரில் போட்டு, ஒட்டன்சத்திரத்து வியாபாரிக்கு அவரே போன் செய்தார். மூட்டைகள் இன்னும் பிரிக்காமல்தான் கிடந்தன. இது நாலு குடும்பத்து விதை, களவுச் சரக்கு என்று கேட்டதும் எதிர்முனையில் இருந்தவர் பதறிப்போய், இப்போதே வண்டியில் ஏற்றி விடுகிறேன், பொழுது சாய்வதற்குள் வந்துவிடும் என்றார்.

"போலீசுக்கு ஒரு மணின்னு சொல்லியாச்சு" என்றாள் பிச்சையம்மாள். "வரட்டும். நேரத்த மாத்த வேணாம். ஆள மட்டும் மாத்திக்குவோம்."

குருநாதன் இடுப்பிலிருந்த சாவியை ராமர் வாங்கி, வேலுசாமியின் கையில் வைத்தார். இப்போது இரண்டு சாவியும் அவரிடம். அவர் அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல், கல்யாண மாப்பிள்ளை தாம்பூலம் வாங்கின மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூட்டை வர்றதுக்குள்ள அறையக் கூட்டி வைக்கணுங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் பாதையில் மேலேறினார். ஊர் சத்தமில்லாமல் பின்னால் போனது.

கதவைத் தள்ளினார். கிரீ… ச்.

இரண்டு நாளைக்கு முன்னால், அவமானத்தில், தன் கையால் எண்ணெய் துடைத்த கதவு அது. அந்த அலறலில் ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்கள்.

பிச்சையம்மாள் தன் வீட்டுக்குப் போனாள். தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். முந்தானையின் ஒரு முனையைக் கழிவு எண்ணெயில் முக்கி, மேல் கீல், கீழ்க் கீல் இரண்டுக்கும் நன்றாகப் பூசினாள். நல்ல சேலை.

"இப்பத் தள்ளுடா" என்றாள்.

வேலுசாமி தள்ளினார். சத்தமே வரவில்லை. நம்பாமல் சாத்தினார், மறுபடி திறந்தார். மூன்றாம் தரமும் திறந்து பார்த்துவிட்டு, மூன்று நாளில் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

"ரொம்பச் சிரிக்காதீங்க" என்றாள் மகாராணி, முக்காட்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போன் விசயத்த எங்கிட்டக்கூடச் சொல்லல. அந்தக் கறிச்சோத்துக் கேசு நம்ம வீட்டுக்குள்ள இன்னும் முடியல. வாங்க உள்ளுக்கு."

ஞானவேல் மெதுவாக ஷர்மிளாவின் பக்கம் சாய்ந்தான்.

"மேடம், அந்தக் கேசுல நாம யாரு பக்கம்?"

"நாம இப்பவே கிளம்பிட்டோம் ஞானம். வண்டியை எடு. சத்தமில்லாம."